விதைத் தொகுப்பு வீடு வந்தது; தோட்டம் அடுத்த ஆடி வரை நிற்குமா?

கிராமத்தில் காய்கறி விளைவிக்கும் விவசாயியே வாரச் சந்தையில் காய்கறி வாங்குகிறார். நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம் என்று ஒரே பயிரில் நிலம் முழுவதும் போய்விட்டதால், வீட்டு அடுப்புக்குத் தேவையான கத்தரிக்காயும் மிளகாயும் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டன. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை வந்தது. வேறு மாதங்களில் பறிக்கும் கூலிக்கும் கட்டாமல் அதே தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறோம். விற்கும்போது விலை இல்லை, வாங்கும்போது விலை தாங்கவில்லை.

இந்த நிலையில்தான் தமிழக அரசு 2025 ஜூலையில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தைத் தொடங்கியது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை ஆகிய ஆறு வகை விதைகள் கொண்ட தொகுப்பு 15 லட்சம் குடும்பங்களுக்கு என்று அறிவிக்கப்பட்டது. அத்துடன் பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் கொண்ட பழச்செடித் தொகுப்பும், மரத்துவரை, காராமணி, அவரை விதைகள் கொண்ட பயறு வகைத் தொகுப்பும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் விதை கொடுப்பது தொடக்கம் மட்டுமே. ஆடியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் காய் பறித்து, பங்குனியில் காய்ந்து, சித்திரையில் ஆடு மேயும் இடமாகிவிடும் தோட்டங்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். தண்ணீர், வேலி, விதை, மருந்து ஆகிய நான்கு விஷயங்களில் வீட்டிலேயே முடிவு எடுத்தால்தான் தோட்டம் இரண்டாம் ஆண்டைப் பார்க்கும். அந்த முடிவுகளை எப்படி எடுப்பது என்று பார்ப்போம்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு இடம் போதும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, கீரையும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. நான்கு பேர் குடும்பத்துக்கு இது நாளைக்கு 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ. இதை முழுவதும் விலைக்கு வாங்கும் கூலிக் குடும்பம் அரிது. வாங்க முடியாதபோது காய் குறைந்து, சோறும் குழம்பும் மட்டும் மிஞ்சுகின்றன. வீட்டுத்தோட்டத்தின் முதல் பயன் இந்தக் குறையை நிரப்புவதுதான். விற்று லாபம் பார்க்கலாம் என்ற கணக்கோடு தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

செடிகளின் எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே சரியாக வைத்துக்கொள்ளுங்கள். வெண்டைச் செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் கொடுக்கும். ஐந்து செடி வைத்தால் பொரியலுக்குக் காய் சேராது, முதலில் பறித்தது முற்றிப்போகும். 30 செடி இருந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஏறக்குறைய அரைக் கிலோ கிடைக்கும். அதே கணக்கில் தக்காளி 15 செடி, கத்தரி 10, மிளகாய் 10, கொத்தவரை 40, கீரைக்கு இரண்டு சிறு பாத்தி போதும். இவை எல்லாம் சேர்ந்து எடுக்கும் இடம் சுமார் 20 சதுர மீட்டர், அதாவது அரை சென்ட். நடைபாதையும் ஓரத்து மரங்களும் சேர்த்து ஒரு சென்ட் இருந்தால் தாராளம். ஐந்து சென்ட் கொல்லை இருக்கிறது என்று முழுவதையும் கொத்தித் தொடங்க வேண்டாம். பராமரிக்க முடியாத தோட்டம் களைக்காடாகிவிடும்.

பாத்தி மூன்றடி அகலத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். ஒருமுறை பாத்தி அமைத்துவிட்டால் அதன் மேல் கால் வைக்காதீர்கள், மண் இறுகிவிடும். நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் படும் இடமாகப் பாருங்கள். புளிய மரத்தடியும் வேப்ப மரத்தடியும் காய்கறிக்கு ஆகாது.

கோடைத் தண்ணீர்க் கணக்கு

சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 20 சதுர மீட்டருக்கு 100 லிட்டர். எட்டுக் குடம் தண்ணீரைத் தினமும் யார் சுமப்பது? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். குடிதண்ணீரே இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் ஊரில் அவர்கள் தோட்டத்தைக் கைவிட்டால் அது அவர்கள் குற்றமில்லை. தோட்டத்தைத் திட்டமிட்ட விதத்தில்தான் குறை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, வீட்டில் வீணாகும் தண்ணீர். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை நேராகக் கீரைப் பாத்திக்கு ஊற்றலாம். குளியலறைத் தண்ணீரை ஒரு சிறு வாய்க்கால் வெட்டி வாழை, சேம்பு, பப்பாளிக்குத் திருப்பிவிடுங்கள். சலவைத் தூள் கலந்த முதல் தண்ணீரையும் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரையும் தோட்டத்துக்கு விட வேண்டாம். துணி அலசிய கடைசித் தண்ணீர் வாழைக்குப் போகலாம். சோப்புத் தண்ணீர் எதையும் கீரையின் மேல் ஊற்றக் கூடாது.

இரண்டாவது, மூடாக்கு. வைக்கோல், கரும்புத் தோகை, காய்ந்த இலை என்று கிடைப்பதை இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் செடியைச் சுற்றிப் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் தள்ளிப் போட வேண்டும். வெயில் மண்ணைத் தொடாவிட்டால் ஈரம் நிற்கும், களையும் குறையும். தினமும் ஊற்றிய தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினாலும் செடி தாங்கும்.

மூன்றாவது, கோடையில் தோட்டத்தைச் சுருக்குவது. பங்குனிக்குள் தக்காளி, வெண்டையை முடித்துவிட்டு, இரண்டு பாத்தி மட்டும் கீரைக்கும் கொத்தவரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாத்திகளை மூடாக்குப் போட்டு ஓய்வில் விடலாம். அந்த மாதங்களில் முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளி, சுண்டைக்காய், தவசிக்கீரை போன்ற நிலையான செடிகள் குடும்பத்தைத் தாங்கும். ஆறு விதைப் பொட்டலத்தோடு இந்த ஆறையும் ஓரத்தில் நட்டுவைத்த வீட்டில் கோடையிலும் குழம்புக்கு ஏதாவது கிடைக்கும்.

வேலி இல்லாமல் விதை வேண்டாம்

ஆடும் கோழியும் ஒரு மாத உழைப்பை ஒரு காலையில் முடித்துவிடும். இப்போது பல ஊர்களில் மயிலும் குரங்கும் சேர்ந்துகொண்டன. முதல் ஆண்டுக்குப் பழைய மீன்வலையோ பழைய சேலையோ கட்டிச் சமாளிக்கலாம். அதே ஆண்டு மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை ஓரடிக்கு ஒன்றாக ஊன்றி, இடையில் ஆடாதொடையும் நொச்சியும் நட்டுவிடுங்கள். ஆடாதொடையை ஆடு தொடாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் உயிர்வேலி அடர்ந்துவிடும்; கவாத்து செய்யும் தழை மூடாக்குக்கும் மருந்துக் கரைசலுக்கும் ஆகும். கோழிக்கு, விதைத்த பாத்தியின் மேல் முள் பரப்புவது அல்லது பழைய கூடையைக் கவிழ்ப்பது போன்ற பழைய முறைகளே போதும்.

வயல் மருந்து கொல்லைக்கு வரக் கூடாது

வயலுக்கு அடித்தது போக மிச்சமுள்ள மருந்து வீட்டு மூலையில் இருக்கும். கத்தரியில் புழு கண்டதும் அதை எடுத்துத் தெளிப்பது பல வீடுகளில் நடக்கிறது. வயலில் தெளித்த காய் சந்தைக்குப் போவதற்குள் சில நாட்களாவது கடக்கும். கொல்லையில் காலையில் தெளித்த காய் மதியம் குழம்பில் விழுந்துவிடும். மருந்து தெளித்தபின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்ற காத்திருப்புக் காலம் வீட்டுத்தோட்டத்தில் நடைமுறைக்கு வராது. அதனால்தான் இங்கே ரசாயனப் பூச்சிக்கொல்லியே வேண்டாம் என்கிறோம்.

மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்த 2005-லேயே தடை வந்துவிட்டது. 2013-ல் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் இந்த மருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். வீட்டுக்குள் மருந்து டப்பாவை வைப்பதும், காலி டப்பாவைக் கழுவி எண்ணெய், தண்ணீர் ஊற்றி வைப்பதும் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தெளிப்பானிலும் கவனம் வேண்டும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் துளி மிஞ்சும். டூ ஃபோர் டி களைக்கொல்லிக்குத் தக்காளி மிகவும் மென்மையான செடி. வாடை பட்டாலே இலை சுருண்டு திருகிவிடும். இதைப் பலர் வைரஸ் நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தோட்டத்துக்கென்று தனியாக ஒரு சிறு கைத்தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சிக்கு என்ன செய்வது?

அரை சென்ட் தோட்டத்தில் பாதிப் பூச்சி நிர்வாகம் கண்ணாலும் கையாலும் முடிந்துவிடும். காலையில் ஐந்து நிமிடம் செடிகளைப் பாருங்கள்.

கத்தரியில் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. குருத்தைப் புழுவோடு கிள்ளி எடுத்து அழித்துவிட வேண்டும். ஓட்டை விழுந்த காயையும் செடியடியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள்.

வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புகிறது. வந்த செடியைக் காப்பாற்ற முடியாது. உடனே பிடுங்கிவிட்டால் மற்றச் செடிகள் பிழைக்கும். மஞ்சள் நிற டப்பாவில் விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் மாட்டினால் வெள்ளை ஈயும் அசுவினியும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அவரை, காராமணியில் அசுவினி அடையாக அப்பினால், அதிகாலைப் பனி ஈரத்தில் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள்.

தக்காளி வரிசைகளுக்கு நடுவே செண்டுமல்லி நடுங்கள். காய்ப்புழு அந்தப் பூவை நாடிப் போகும். வேரைத் தாக்கும் நூற்புழுவும் குறையும்.

இதற்கு மேலும் புழு இருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தைச் சேகரித்து, சதை நீக்கி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு கணக்கு. இடித்துத் துணியில் கட்டி இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்க வேண்டும். அரை சென்டுக்கு இரண்டு லிட்டர் போதும். ஓராண்டு பழைய கொட்டையில் வீரியம் இருக்காது. கரைசலையும் அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

உரம்: அடிப்படை முதலில்

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் என்று கரைசல்களைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். மண்ணில் மக்கு இல்லாவிட்டால் இவை பெரிதாக உதவாது. நன்கு மக்கிய தொழு உரம் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ வீதம், 20 சதுர மீட்டருக்கு 50 கிலோ, ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்பு இட வேண்டும். பச்சைச் சாணத்தைப் பாத்தியில் போடாதீர்கள். அதோடு வண்டுப் புழுவும் களை விதையும் வரும். மாடு இல்லாத வீட்டில் ஆட்டுப் புழுக்கையை மக்கவைத்துப் போடலாம். சமையல் கழிவு, காய்ந்த இலை, சிறிது பழைய மண் ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒரு குழியில் போட்டு ஈரம் காத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறினால் மூன்று நான்கு மாதத்தில் உரம் தயார்.

அதன்பின் ஜீவாமிர்தம். பத்து லிட்டர் தண்ணீரில் சாணம் அரைக் கிலோ, கோமியம் அரை லிட்டர், வெல்லம் 100 கிராம், பயறு மாவு 100 கிராம், மருந்து படாத மண் ஒரு பிடி கலந்து, நிழலில் 48 மணி நேரம் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிடுங்கள். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து வேரடியில் ஊற்றலாம். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பஞ்சகவ்யம் கைவசம் இருந்தால் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து பூக்கும் முன்பு தெளிக்கலாம்.

விதையை எடுத்து வைக்க முடியுமா?

பொட்டலம் கிடைத்ததும் அது நாட்டு விதையா, ரகமா, வீரிய ஒட்டா என்று பாருங்கள். பொட்டலத்தில் எஃப்1 அல்லது ஹைப்ரிட் என்று இருந்தால் அந்தக் காயிலிருந்து எடுக்கும் விதை அடுத்த முறை தாயைப் போல் வராது. பி.கே.எம்.1 தக்காளி, அர்கா அனாமிகா வெண்டை போன்ற ரகங்களிலும் நாட்டு ரகங்களிலும் விதை எடுக்கலாம். விதைக்குச் சிவப்பு, நீலம் என்று சாயம் பூசியிருந்தால் அது மருந்து கலந்த விதை. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்; மிச்சத்தைக் கோழிக்குப் போடாதீர்கள்.

விதைக்கு நிறுத்தும் செடியைத் தொடக்கத்திலேயே அடையாளம் வையுங்கள். நோயில்லாமல், முதலில் காய்த்து, நிறையக் காய்த்த செடியாக இருக்க வேண்டும். தக்காளியை நன்கு பழுக்கவிட்டுச் சாற்றோடு ஒரு நாள் புளிக்க வைத்துக் கழுவி உலர்த்துங்கள். கத்தரியை மஞ்சளாகப் பழுக்கும் வரை விட வேண்டும். வெண்டையும் கொத்தவரையும் செடியிலேயே காய வேண்டும். சுரை, பீர்க்கு, புடலை பக்கத்துத் தோட்ட மகரந்தத்தோடு எளிதில் கலந்துவிடும். மிளகாயும் ஓரளவு கலக்கும். எனவே ஒரு கொல்லையில் ஒரு ரகம் என்று வைத்துக்கொள்வது நல்லது. உலர்ந்த விதையைச் சாம்பல் கலந்து மூடியுள்ள பாட்டிலில் வைத்து, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள்.

வேலூர் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரியும் ராமநாதபுரம் முண்டு மிளகாயும் இன்று புவிசார் குறியீடு பெற்றவை. அந்தந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்ததால்தான் அவை மிஞ்சின. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கத்தரியோ அவரையோ யாராவது பாட்டியின் வீட்டில் இருக்கும். ஒரு பிடி வாங்கி வையுங்கள்.

பட்டம் பார்த்து விதைப்பு

ஆறு பொட்டலத்தையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே மாதத்தில் எல்லாம் காய்த்து, ஒரே மாதத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். தக்காளி, கத்தரி, மிளகாயை ஆனிக் கடைசியில் நாற்று விட்டு, வெள்ளை ஈ புகாதபடி நைலான் வலையால் மூடி, ஆடிக் கடைசியில் நடுங்கள். வெண்டை, கொத்தவரை, அவரை, மரத்துவரை, பந்தல் காய்களை ஆடியில் நேரடியாக ஊன்றலாம். வெண்டையில் பாதியை ஆடியிலும் மீதியை ஒரு மாதம் கழித்தும் விதையுங்கள். கீரையைப் பத்து நாளுக்கு ஒரு சிறு துண்டாக விதைத்துக்கொண்டே வர வேண்டும். தைப் பட்டத்தில் வெண்டையும் கொத்தவரையும் மறுபடி போடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் அவை இருந்த பாத்தியில் அடுத்து கொத்தவரை அல்லது காராமணி வர வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவை

இலங்கையில் 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். விளைச்சல் சரிந்து, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். மண்ணும் விவசாயியும் பழகுவதற்குக் காலம் கொடுக்காததால் வந்த விளைவு அது. தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியானது. ஐந்து ஏக்கரையும் உடனே மாற்றத் தயங்கும் விவசாயிக்குக் கொல்லையில் உள்ள அரை சென்ட் ஒரு பயிற்சி நிலம். அங்கே வேப்பங்கொட்டைக் கரைசல் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர்தான் வயலில் ஒரு பகுதியில் முயன்று பார்ப்பார். அங்கே தோற்றாலும் கடன் ஏறாது.

எனவே இந்தத் திட்டம் நன்றாக நடக்க வேண்டும். உழவன் செயலியிலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ விதைத் தொகுப்புக்குப் பதிவு செய்யும் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். மே 1 கிராம சபையில் மூன்று கோரிக்கைகளை வையுங்கள். விதை ஆனி மாதத்துக்குள் கைக்கு வர வேண்டும். ஆவணியில் வந்தால் பட்டம் தவறிவிடும். விதை எடுத்து வைக்கக்கூடிய ரகங்களாகக் கொடுக்க வேண்டும். ஒட்டு விதையானால் அதைத் தமிழில் தெளிவாக அச்சிட வேண்டும். மூன்றாவதாக, தெருக்குழாயடியில் வழிந்தோடும் தண்ணீரைப் பக்கத்துக் கொல்லைகளுக்குத் திருப்ப ஊராட்சி வழி செய்ய வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். அது போகும் வழியில் ஒரு வாழைக்கன்றை நடுங்கள். பக்கத்தில் ஒரு முருங்கைப் போத்தை ஊன்றுங்கள். விதைத் தொகுப்பு வரும்போது வேலியும் உரமும் தயாராக இருக்கட்டும்.